மலை சைக்கிளில் விழுந்த பிறகு: எதை வாங்குவது, எப்போது திரும்புவது, பயத்தை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. பெங்களூருவின் துரஹள்ளி பக்கமாக இருக்கலாம், ஊட்டியின் தேயிலைத் தோட்டப் பாதையாக இருக்கலாம், புனேவைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு குன்றாகவும் இருக்கலாம். மலை சைக்கிள், அதாவது எம்டிபி வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. இறக்கத்தில் சரளைக்கல் நிறைந்த ஒரு திருப்பம். பிரேக்கை இறுக்கிப் பிடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த நொடி தரையில் கிடக்கிறீர்கள்.

திங்கட்கிழமை ஆபீஸில் எல்லோரும் "கையில என்ன கட்டு?" என்று கேட்பார்கள். சிராய்ப்பு பத்து நாளில் ஆறிவிடும். அதன் பிறகு பலருக்கு இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலரது சைக்கிள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூசி படிந்து நிற்கிறது. "பயமா இருக்கு" என்று வெளியே சொல்லாமல், "டைம் இல்ல" என்று சொல்லிவிடுவார்கள். வேறு சிலர் அதே வாரம் ஆன்லைனில் நெஞ்சுக் கவசம் வரைக்கும் ஆர்டர் போட்டு, அடுத்த ஞாயிறே அதே இறக்கத்துக்குப் போய் நிற்பார்கள்.

இரண்டுமே சரியான வழி இல்லை. பாதுகாப்புக் கவசம் என்பது விழுந்தால் படும் அடியைக் குறைக்கும் பொருள். விழாமல் இருப்பதற்கு ஓட்டும் முறை வேண்டும். தைரியம் இந்த இரண்டுக்கும் பிறகு, கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

முதல் கேள்வி: உடம்பு சரியாக இருக்கிறதா?

கவசம் வாங்குவதற்கு முன், விழுந்த அன்று கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது தலை. மூளை அதிர்ச்சிக்கு மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது, பேச்சில் தடுமாற்றம், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, விழுந்த கணம் ஞாபகம் இல்லாதது என எது இருந்தாலும் அன்றைய ரைடு அத்தோடு முடிந்தது. "ஒண்ணும் இல்ல, ஓட்டிடலாம்" என்று கிளம்பக் கூடாது. வீட்டுக்குக் காரையோ பைக்கையோ நீங்களே ஓட்டிச் செல்லவும் கூடாது.

திரும்பத் திரும்ப வாந்தி, அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கை கால் மரத்துப் போவது, கழுத்து வலி, அதிகரிக்கும் குழப்பம் ஆகியவை அவசர அறிகுறிகள். உடனே மருத்துவமனைதான். அழைக்க வேண்டிய எண் 112 அல்லது 108. கழுத்து வலிக்கிறது என்று சொல்பவரை, மூச்சுவிடச் சிரமமோ வேறு ஆபத்தோ இல்லாத வரை, தூக்கி உட்கார வைக்காதீர்கள்.

விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்ச்சி குறித்து 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சர்வதேச மாநாட்டின் கூட்டறிக்கை 2023-ல் வெளியானது. இருட்டறையில் நாள்கணக்கில் படுத்துக் கிடக்கும் பழைய முறையை அது பரிந்துரைக்கவில்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, தாங்கும் அளவுக்கு லேசான நடை, போன் மற்றும் லேப்டாப் திரை நேரத்தைக் குறைப்பது என்கிறது. விளையாட்டுக்குத் திரும்புவதையும் ஆறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் கொடுக்கச் சொல்கிறது. மறுபடி விழ வாய்ப்புள்ள பயிற்சிக்குப் போகும் முன் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். திங்கட்கிழமை காலையே எட்டு மணி நேரம் ஸ்கிரீன் முன் உட்காரும் வேலையில் இருப்பவர்கள் இதை மேனேஜரிடம் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மணிக்கட்டு. கீழே விழும்போது யாராக இருந்தாலும் கையை ஊன்றுவோம். அப்போது உடையக்கூடிய சிறிய எலும்பு ஒன்று கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஸ்காஃபாய்ட். அதில் விழும் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால், "சுளுக்குதான்" என்று விட்டுவிடாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். 10 முதல் 14 நாள் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது வழக்கம். கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பு சேராமலே போய்விடக்கூடும்.

சிராய்ப்புகளை ஓடும் தண்ணீரில் மண் போகும் வரை கழுவுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்பது ஞாபகம் இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஹெல்மெட் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மாற்ற வேண்டும்?

சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது நாம் தெர்மாகோல் என்று சொல்லும் அதே வகைப் பொருள். அடர்த்தி மட்டும் அதிகம். தலை மோதும்போது அது நசுங்கி, மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. நசுங்கிய இடம் பழைய நிலைக்கு வராது. மேலே உள்ள பிளாஸ்டிக் ஓடு பளபளப்பாகவே இருக்கும், உள்ளே பாதுகாப்பு தீர்ந்து போயிருக்கும். அதனால்தான் தலை மோதிய ஹெல்மெட்டை ஒரே மோதலோடு மாற்ற வேண்டும். வேறு யாரோ பயன்படுத்திய ஹெல்மெட்டை வாங்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். அது எத்தனை முறை மோதியது என்பது உங்களுக்குத் தெரியாது.

விழாவிட்டாலும் ஹெல்மெட்டுக்கு வயது உண்டு. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பது, பெட்ரோல், தின்னர் போன்றவற்றால் துடைப்பது இரண்டும் ஹெல்மெட்டைக் கெடுக்கும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? 40-க்கும் மேற்பட்ட ஆய்வுகளையும் 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகளின் தரவுகளையும் சேர்த்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2016-ல் வெளியானது. ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 69 சதவீதம் குறைவு என்பது அதன் முடிவு. மிச்ச ஆபத்து இருக்கிறது என்பதும் அதே கணக்கில் அடக்கம்.

எந்த ஹெல்மெட் வாங்குவது?

லேபிளைப் பாருங்கள். உள்பக்கத்தில் அமெரிக்காவின் சிபிஎஸ்சி 1203 அல்லது ஐரோப்பாவின் இஎன் 1078 என்ற குறியீடு இருக்க வேண்டும். சிபிஎஸ்சி சோதனையில் ஹெல்மெட்டுக்குள் தலை மாதிரியை வைத்து, தட்டையான பரப்பின் மீது 2 மீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்வார்கள். மோதும்போது வேகம் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். இதிலிருந்து ஒரு விஷயம் புரியும்: ஹெல்மெட் எல்லா வேகத்துக்கும் உத்தரவாதம் தரும் பொருள் கிடையாது.

மிப்ஸ் என்ற மஞ்சள் நிற முத்திரையைப் பல ஹெல்மெட்களில் பார்த்திருப்பீர்கள். ஸ்வீடனில் உருவான தொழில்நுட்பம் இது. பெரும்பாலான விழுகைகளில் தலை நேராக மோதாமல் சாய்ந்து மோதுகிறது. அப்போது மூளைக்கு ஒரு சுழற்சி விசை கிடைக்கிறது. ஹெல்மெட்டுக்குள் உள்ள மெல்லிய அடுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் நகர்ந்து அந்தச் சுழற்சியைக் குறைக்கப் பார்க்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்களைச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு வெளியிடுகிறது. அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நீங்கள் பார்க்கும் மாடல் அதில் இருக்கிறதா என்று தேடிவிட்டு வாங்கலாம்.

விலையைவிட முக்கியம் அளவு. தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்து வாங்குங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் ஹெல்மெட் உட்கார வேண்டும். இரு பக்கப் பட்டைகளும் காதுக்குக் கீழே 'வி' வடிவில் சேர வேண்டும். தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் ஒன்றிரண்டு விரல் மட்டும் போக வேண்டும். பட்டையைப் போடாமலே குனிந்து தலையை ஆட்டிப் பாருங்கள். கழன்று விழுந்தால் அது உங்கள் அளவு இல்லை.

"வீட்ல பைக் ஹெல்மெட் இருக்கே, அது போதாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. அது மோட்டார் வாகன வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டது. கனம் அதிகம், காற்றோட்டம் குறைவு. மேட்டில் மிதிக்கும்போது பத்து நிமிடத்தில் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவீர்கள். தலையில் இல்லாத ஹெல்மெட்டால் பயன் இல்லை.

அடுத்து என்னென்ன, எந்த வரிசையில்?

ஒரே நேரத்தில் எல்லாம் வாங்க வேண்டாம். தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு இந்த வரிசை போதும்.

கிளவ்ஸ்: விரல்களை முழுதாக மூடும் வகை. விழும்போது முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கைதான். வியர்வையில் கை வழுக்காமலும் இருக்கும்.

முழங்கால் பேட்: இங்கேதான் கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம். மென்மையான வகை பேட்களில் சாதாரணமாக வளைந்து கொடுத்து, அடிபடும் நொடியில் மட்டும் இறுகும் பொருள் இருக்கும். பிரிட்டனின் டி3ஓ இதில் பெயர் பெற்றது. சோள மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து வேகமாகக் குத்தினால் கை உள்ளே போகாது இல்லையா, அதே தத்துவம்தான். இஎன் 1621-1 என்ற குறியீட்டோடு நிலை 1 அல்லது நிலை 2 என்று போட்டிருக்கும். நிலை 2 அதிக அடியைத் தாங்கும், கூடவே கனமும் வெப்பமும் கூடும். கடையிலேயே போட்டுப் பார்த்து, உட்கார்ந்து எழுந்து, காலைச் சுழற்றிப் பாருங்கள். மெத்துப் பகுதி முழங்கால் சில்லை விட்டு நழுவினால் வேண்டாம்.

கண்ணாடி: மண், பூச்சி, கிளை மூன்றுக்கும். மர நிழல் பாதையில் கறுப்புக் கண்ணாடி போட்டால் குழி தெரியாது. நிறமில்லாத கண்ணாடியே நல்லது.

ஷூ: அடிப்பகுதி தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கட்டும். விழுந்து திரும்பும் காலத்தில் காலைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் வேண்டாம். சாதாரண தட்டைப் பெடல் என்றால் காலை உடனே ஊன்ற முடியும்.

முழங்கைப் பேட்: பாறை நிறைந்த பாதை என்றால் வாங்கலாம்.

முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், முதுகு மற்றும் நெஞ்சுக் கவசம்: செங்குத்தான இறக்கம், தாவுதல் என்று போகிறவர்களுக்கு. எளிய பாதையில் ஓட்டுபவருக்கு இவை இப்போதைக்குத் தேவையில்லை. மேட்டில் மூச்சு முட்டி, களைப்பில் தப்பு செய்யவே இடம் கொடுக்கும்.

சைக்கிளுக்கும் ஒரு செக்-அப்

விழுந்தது நீங்கள் மட்டும் இல்லை. ஹேண்டில்பார் முன் சக்கரத்தோடு நேராக இருக்கிறதா, பிரேக் லீவர் வளைந்திருக்கிறதா, சக்கரம் சுற்றும்போது ஆடுகிறதா, ஃபிரேமின் பற்றவைப்பு இடங்களில் விரிசல் உண்டா என்று பாருங்கள். வலப்பக்கமாக விழுந்திருந்தால் பின் கியரைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு வளைந்திருக்கலாம். அதோடு ஓட்டி எடையற்ற கியருக்கு மாற்றினால் செயின் இழுக்கும் பகுதி ஸ்போக்குக்குள் சிக்கி, மறுபடி விழ வைக்கும். மெக்கானிக் இதைச் சில நிமிடங்களில் நிமிர்த்திவிடுவார். கார்பன் ஹேண்டில்பாராக இருந்தால் வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம். அதை நம்பி ஓட்ட வேண்டாம்.

ஏன் விழுந்தோம்?

தைரியம் திரும்பி வர, இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். "என்னமோ ஆயிடுச்சு" என்ற பதில் இருக்கும் வரை பயம் போகாது, ஏனென்றால் அது எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஆகலாம். காரணம் தெரிந்துவிட்டால் அது திருத்தக்கூடிய ஒரு பிழையாகிவிடும்.

தொடக்க நிலையில் அடிக்கடி நடக்கும் காரணங்கள் சில: முன் பிரேக்கைத் திடீரென இறுக்கியது. திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தது. சீட் உயரமாக இருந்ததால் உடம்பைத் தாழ்த்த முடியாமல் போனது. டயரில் காற்று அதிகம் இருந்தது. பங்க்சர் கடையில் கல் போல அடித்துக் கொடுக்கும் காற்று ரோட்டுக்குச் சரி, சரளையில் வழுக்கும். டியூப் உள்ள அகல டயருக்கு 30 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, உங்கள் எடைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம்.

இன்னொன்று, எந்த லீவர் முன் பிரேக் என்பது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். நண்பரின் சைக்கிளையோ வாடகை சைக்கிளையோ எடுத்தால், கிளம்பும் முன் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

உலகத்தின் மிகச் சிறந்த வீரருக்கும் இது நடக்கும். 2021 ஜூலை 26, டோக்கியோ ஒலிம்பிக் மலை சைக்கிள் போட்டி. தங்கம் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவர்களில் ஒருவர் நெதர்லாந்தின் மேத்யூ வான் டெர் போல். பாறையிலிருந்து இறங்கும் ஓர் இடத்தில் பயிற்சியின்போது பார்த்த மரச் சாய்தளம் இருக்கும் என்று நினைத்து வந்தார். போட்டியில் அது இல்லை. தலைகுப்புற விழுந்தார், பின்னர் போட்டியிலிருந்தும் விலகினார். திறமைக் குறைவு காரணம் இல்லை. பாதை இப்படித்தான் இருக்கும் என்ற அனுமானம்தான் காரணம். அதே போட்டியில் தங்கம் வென்ற பிரிட்டனின் டாம் பிட்காக், இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான் காறை எலும்பு முறிந்து கிடந்தவர்.

பயம் எப்படி மறுபடி விழ வைக்கிறது?

பயந்த உடம்பு தானாகச் சில வேலைகளைச் செய்யும். கண் அந்தக் கல்லையே பார்க்கும், சைக்கிளும் பார்வை போகும் பக்கமே போகும். கைகள் விறைக்கும். உடம்பு பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் முன் டயரின் மீது எடை குறைந்து பிடிமானம் போகும், திருப்பும்போது வழுக்கும். அதாவது தப்பிக்க நினைத்துச் செய்வதே விழ வைக்கிறது.

இதற்கு "பயப்படாதே" என்று சொல்வது மருந்து இல்லை. உடம்புக்கு வேறு பழக்கம் கொடுக்க வேண்டும். இறக்கத்துக்கு முன் சீட்டைத் தாழ்த்துங்கள். சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடல்களையும் சமமாக வைத்து, முழங்கையும் முழங்காலும் லேசாக மடங்க, குதிகாலைச் சற்றே கீழே இறக்கி நில்லுங்கள். ஒவ்வொரு லீவரிலும் ஒரே விரல். பார்வை போக வேண்டிய இடத்தில், சில மீட்டர் முன்னால்.

திரும்புவதற்கு நான்கு வாரம்

இது உடம்பு ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகான கணக்கு. ஒவ்வொருவருக்கும் வேகம் மாறலாம்.

முதல் வாரம், ட்ரெயில் வேண்டாம். காலியான மைதானம் போதும். தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்து, அதன் அருகில் வழுக்காமல் நிறுத்திப் பழகுங்கள். இரண்டு பிரேக்கையும் மெதுவாக, சேர்த்து. பத்து முறை சரியாக வந்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இரண்டாம் வாரம், ஏற்கெனவே பலமுறை ஓட்டிய எளிய பாதை. முன்னால் யாரையும் துரத்த வேண்டாம்.

மூன்றாம் வாரம், விழுந்த இடத்துக்குப் போங்கள், ஆனால் நடந்து. எங்கே பிரேக் பிடித்தீர்கள், சரளை எங்கே, எந்தப் பக்கமாகப் போயிருக்கலாம் என்று பாருங்கள். பிறகு அந்த இறக்கத்தின் கடைசிச் சில மீட்டரை மட்டும் ஓட்டுங்கள். சரியாக வந்தால் இன்னும் சில மீட்டர் மேலேயிருந்து. முழு இறக்கத்தையும் இப்படித் துண்டு துண்டாகக் கீழிருந்து மேலாகக் கட்டலாம்.

நான்காம் வாரம், முழுதாக. மனசு சரி என்றால் மட்டும்.

பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று உங்களையே கேளுங்கள். நாலு, ஐந்து என்றால் முயற்சி செய்யலாம். எட்டு என்றால் இறங்கி நடங்கள். இரண்டு முறை தப்பினால் அன்றைக்கு அந்த இடத்தை விட்டுவிடுங்கள். களைப்பில் எடுக்கும் "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" பல பேரை விழ வைத்திருக்கிறது.

கவசம் தரும் பொய்த் தைரியம்

1975-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் ஒரு வாதத்தை வைத்தார். கார்களில் பாதுகாப்பு வசதிகள் கூடும்போது சிலர் இன்னும் வேகமாக ஓட்டத் தொடங்குகிறார்கள், அதனால் கிடைக்க வேண்டிய பலன் குறைகிறது என்றார். எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் புது முழங்கால் பேட் மாட்டிய அன்று உங்களையே கவனித்துப் பாருங்கள். நேற்று நடந்து கடந்த பாறையை இன்று ஓட்டிப் பார்க்கத் தோன்றுகிறதா? அப்படியென்றால் பேடுக்குக் கொடுத்த பணம் பாதுகாப்புக்குப் போகவில்லை, கூடுதல் ஆபத்துக்குப் போயிருக்கிறது. எளிய சோதனை ஒன்று உண்டு: "பேட் இல்லாவிட்டாலும் இதை முயற்சி செய்வேனா?" இல்லை என்றால், இன்று வேண்டாம்.

கிளம்பும் முன்

தனியாகப் போகாதீர்கள். எந்தப் பாதை, எப்போது திரும்புவேன் என்பதை வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு, போனில் லொகேஷன் பகிருங்கள். வனத்துறை இடமென்றால் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் காப்பீட்டையோ சொந்த மருத்துவக் காப்பீட்டையோ ஒரு முறை படித்துவிடுங்கள். ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குகளில் சாகச விளையாட்டு பற்றிய பிரிவு, அதில் தொழில்முறையாகப் பங்கேற்பவர்களைக் குறிப்பிடுகிறது. வார இறுதிப் பொழுதுபோக்கு அதில் தானாக அடங்கிவிடாது. என்றாலும் உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விழுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கூட வருபவர்களையும் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். "வா மச்சான், ஒண்ணும் ஆகாது" என்று இறக்கத்தின் உச்சியில் நின்று கூப்பிடும் நண்பரைவிட, கீழே இறங்கி நின்று "இந்தப் பக்கமா வா, அந்தக் கல்லைப் பார்க்காத" என்று சொல்பவர் அந்த நான்கு வாரத்துக்கு அதிகம் உதவுவார். அவரும் இல்லாத அன்று, கடினமான இடம் வந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து இறங்குங்கள். அனுபவசாலிகளும் அதைத்தான் செய்கிறார்கள்.